ஐந்தாம் உறைக்கு எண்பத்தேழு

ஒயின் சுவைக் கழகத்தில் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் லிஃப்ட் ஓட்டுபவரும் அல்ல, செய்பவரும் அல்ல. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளர். அந்த வேலையில் தீர்ப்பு இரண்டே இரண்டுதான்: ஓடலாம், ஓடக்கூடாது. இரும்புக் கயிற்றைச் சோதிக்க அவர் பெரிய கருவி எதையும் நம்புவதில்லை. பழைய பருத்தித் துணியைக் கயிற்றின் மேல் போர்த்திப் பிடித்துக்கொண்டு, லிஃப்டை மெதுவாக ஓட்டச் சொல்வார். எங்காவது ஒரு இழை அறுந்திருந்தால் துணி அதில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் முத்திரை கிடையாது. கட்டடக்காரர் தலைகீழாக நின்றாலும் கிடையாது.

ஒயின் பக்கம் அவர் வந்த கதையும் இந்த வேலையிலிருந்து பிறந்ததுதான். ஒருமுறை ஒரு ஹோட்டல் முதலாளி சோதனை முடிந்ததும் ஒரு பாட்டிலை நீட்டினார். லிஃப்ட்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆனால் படி இறங்கும்போது ஒரு குறுகுறுப்பு. எதை வேண்டாமென்று சொன்னோம் என்று தெரியவேண்டாமா? அதே பாட்டிலைக் கடையில் தேடி வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு மடக்குக் குடித்தாலே முகம் செம்பருத்தி ஆகிவிடும் என்பதால் முகர்ந்து மட்டும் பார்த்தாள். "நனைஞ்ச குடையை மூலையில சாத்தி வெச்ச மாதிரி இருக்கு" என்றாள். அவர் மறுபடி முகர்ந்தார். அச்சு அசலாக நனைந்த குடை.

அன்றிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. அவர் குடிப்பார், அவள் முகர்வாள், இருவரும் சண்டை போடுவார்கள். பாட்டில் கடையின் மாடியில் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் கூடும் கழகத்தில் அவர் சேர்ந்ததும், அவள் சொன்னவை எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. "இது நனைந்த குடை" என்று அவர் முதல்முறை சொன்னபோது சிரித்தவர்கள், பிறகு அதையே தங்கள் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள்.

கழகத்தில் ஒன்பது பேர். பாட்டில்கள் துணி உறைக்குள் முகம் மறைத்து மேசைக்கு வரும். முகர்ந்து, வாயில் உருட்டி, வாளியில் துப்பிவிட்டு நூற்றுக்கு இத்தனை என்று சீட்டில் எழுதிக் குப்புறக் கவிழ்க்க வேண்டும். எண்பத்தைந்துக்குக் கீழே போட்டாலும் தொண்ணூற்றிரண்டுக்கு மேலே போட்டாலும் எழுந்து நின்று காரணம் சொல்லவேண்டும் என்பது சட்டம். அந்தக் காலத்தில் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். எழுபது போடுவார், தொண்ணூற்றாறு போடுவார். மேசை முழுக்க ஒரு பக்கம் நின்றாலும் தான் மட்டும் எதிர்ப்பக்கம் நிற்பார். "இவருக்கு நாக்கு இருக்கா, ரம்பம் இருக்கா?" என்று வக்கீல் கேட்பார்.

பிறகு மனைவிக்கு நோய் வந்தது. நீண்ட நோய். ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில், அது முடிந்தது. அவளை வைத்த தள்ளுவண்டியோடு லிஃப்டில் இறங்கும்போது, கதவு மூடுவதற்கு ஒரு கணம் கூடுதலாகத் தயங்குகிறது என்று அவருக்குத் தோன்றியது. கதவைச் சரிபார்க்கச் சொல்லவேண்டும் என்று நினைத்தார். அன்று முழுக்க அவர் நினைத்தது அது ஒன்றைத்தான். வந்தவர்கள் அழுதார்கள், மகள் அழுதாள், அவர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். "அடக்கி வெச்சிருக்காரு, ஒருநாள் உடையும்" என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். உடையவில்லை. அடக்கி வைப்பதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே.

அடுத்த மாதம் கழகத்துக்குப் போனார். வீட்டில் உட்கார்ந்திருப்பதும் அங்கே உட்கார்ந்திருப்பதும் ஒன்றாகத்தான் இருந்தது, அங்கே ஆட்கள் இருந்தார்கள். முதல் கோப்பையை முகர்ந்தார். கருந்திராட்சை, மிளகு, கொஞ்சம் தோல்செருப்பு, எல்லாம் தெரிந்தது. மூக்குக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இது பிடித்திருக்கிறதா என்று தன்னையே கேட்டபோது பதில் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. இரண்டாவது கோப்பை, மூன்றாவது, ஆறாவது வரை அப்படியே.

ஏதாவது எழுதியாக வேண்டும். எழுந்து நின்று பேசவும் கூடாது. எண்பத்தேழு என்று எழுதினார். அடுத்ததற்கு எண்பத்தெட்டு. அடுத்ததற்கு எண்பத்தொன்பது. மேலே ஏறியது போதும் என்று நான்காவதற்கு எண்பத்தெட்டு, ஐந்தாவதற்கு எண்பத்தேழு, ஆறாவதற்கு மறுபடி எண்பத்தெட்டு. மூன்று மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறி இறங்குவதுபோல. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த மாதமும் அதையே எழுதினார். அதற்கடுத்த மாதமும்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. அப்போதுதான் செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. செயலாளர் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். எதையும் நிறுத்துப் பார்க்காமல் தூக்கம் வராதவர். வருடக் கடைசியில் யாருடைய புள்ளிகள் கழகத்தின் சராசரிக்கு மிக அருகில் இருக்கின்றனவோ அவரே தலைமைச் சுவைஞர், அவர் போடும் புள்ளி அடுத்த வருடம் முழுக்க இரண்டு மடங்காகக் கணக்கிடப்படும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பெயரைக் கக்கியது. அடுத்த ஆளைவிட எங்கோ முன்னால், லிஃப்ட்காரர்.

"நான் சொல்லல? நிதானம் வந்துடுச்சு மனுஷனுக்கு" என்றார் செயலாளர், வெள்ளிமுலாம் பூசிய சின்னக் கிண்ணம் ஒன்றைச் சங்கிலியோடு அவர் கழுத்தில் மாட்டியபடி.

"ரம்பத்துக்கு உறை போட்டாச்சு" என்றார் வக்கீல். எல்லோரும் கை தட்டினார்கள். லிஃப்ட்காரர் கிண்ணத்தைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டார். கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் வங்கி வேலையை விட்டுவிட்டு, ஒரு தோழியோடு சேர்ந்து மலைச்சரிவில் திராட்சைத் தோட்டமும் கொட்டகையும் குத்தகைக்கு எடுத்திருந்தாள். முதல் அறுவடையின் ஒயின் பாட்டிலில் ஏறி, பெட்டி பெட்டியாகக் கூரை வரை அடுக்கியிருந்தது. அடுத்த அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது. இது வெளியே போனால்தான் அது உள்ளே வர இடம். கீழேயிருந்த பாட்டில் கடைக்காரர், கழகம் சராசரி தொண்ணூறோ அதற்கு மேலோ கொடுத்த புது ஒயினுக்கு வாசல் பக்கத்துத் தட்டில் இடம் கொடுப்பார், வட்ட ஸ்டிக்கரும் ஒட்டுவார். வாசல் தட்டில் ஏறியது எதுவும் தங்கியதில்லை. மகள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், முறைப்படி செயலாளருக்குப் பாட்டிலை அனுப்பியிருந்தாள். உறைக்குள் போனபின் யாருக்கும் தெரியப்போவதில்லை. தவிர, அவள் தன் அப்பாவின் நாக்கை நம்பினாள். பழைய நாக்கை.

அந்த ஞாயிறு ஆறு உறைகள். லிஃப்ட்காரர் வழக்கம்போல ஏறி இறங்கினார். செயலாளர் கூட்டிப் பெருக்கி, ஐந்தாவது உறைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"எண்பத்தொன்பது புள்ளி எட்டு. அடடா."

"யாரய்யா காலை வாரினது? நான் தொண்ணூத்தொண்ணு போட்டேன்" என்றார் வக்கீல்.

"நான் தொண்ணூத்திரண்டு" என்றார் பல் டாக்டரம்மா. "கழகத்துலேயே கண்டிப்பான ஆள் நான்தான். எனக்கே பிடிச்சுது."

"தலைமை எண்பத்தேழு. அது ரெண்டு மடங்கு. அதான்" என்றார் செயலாளர், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமே என்ற முகத்தோடு. உறையை உருவினார். லேபிளில் இருந்த தோட்டத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடமாக லிஃப்ட்காரரிடம் "மகள் தோட்டம் எப்படிப் போகுது?" என்று விசாரித்தவர்கள்தானே.

பிறகு வக்கீல் எழுந்து, மேசையைச் சுற்றிவந்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சொந்தப் பொண்ணுக்கு எண்பத்தேழு! இதுதான்யா நாக்கு. சொந்தம் பந்தம் பாக்காத நாக்கு!"

"எனக்குத் தெரியாதே, உறைக்குள்ளதான இருந்துச்சு" என்றார் லிஃப்ட்காரர்.

"அதான் சார் பெருமையே" என்றார் செயலாளர். எல்லோரும் மூக்கில் விரல் வைத்தார்கள். கடைக்காரர் வரை செய்தி போனது. இறங்கும்போது அவரும் கும்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"எண்பத்தேழாப்பா?"

"ம்."

"எதுல குறைச்சீங்க? மரவாடை தூக்கலா? கடைசியில எரியுதா? லேட்டா பறிச்சிட்டோமா? நீங்க சொன்னா ஒத்துக்குவேன். அந்த வக்கீல் சொன்னாதான் ஒத்துக்க மாட்டேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்ததுக்கா எண்பத்தேழு?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பொய் சொல்லலாமா என்று தோன்றக்கூட இல்லை. பொய் சொல்வதற்கும் ஏதாவது வேண்டியிருக்க வேண்டுமே.

"அஞ்சாவதா வந்துச்சும்மா."

"என்னது?"

"அஞ்சாவது பாட்டிலுக்கு எண்பத்தேழு. நாலாவதுக்கும் ஆறாவதுக்கும் எண்பத்தெட்டு. எது வந்தாலும் அப்படித்தான் போடுவேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கணக்கு டீச்சரின் மகள். உதடு லேசாக அசைந்தது.

"அப்ப நாலாவதா வந்திருந்தா?"

"சரியா தொண்ணூறு. தேறியிருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"அம்மா போனதுலேர்ந்து. குடிக்கறேன், உள்ள என்ன இருக்குன்னு தெரியுது. பிடிச்சிருக்கான்னு கேட்டா ஒண்ணும் வரமாட்டேங்குது."

"ஊரே உங்களை நேர்மையோட அவதாரம்னு சொல்லுதுப்பா. கடைக்காரர் எனக்கு போன் பண்ணி, 'அப்பா இருந்தா இப்படி இருக்கணும்மா'ன்னாரு. அவங்ககிட்டயாவது இல்லன்னு சொன்னீங்களா?"

"சொல்லல."

"நீங்க அம்பது போட்டிருந்தாக்கூட வந்து சண்டை போட்டிருப்பேன். ஒருவேளை நீங்கதான் சரின்னு திரும்பிப் போயிருப்பேன். இப்ப நான் யாரோட சண்டை போடறது? சொல்லுங்க, யாரோட?"

அவள் இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் சாத்தினாள்.

அவர் அங்கேயே உட்கார்ந்து, தனக்கு வருத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். கயிற்றின் மேல் துணியைப் பிடித்துக்கொண்டு போவதுபோல நிதானமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்ப் பார்த்தார். துணி எங்கும் மாட்டவில்லை. மகளின் முகத்தை நினைத்தார். அப்போதும் இல்லை. ஆனால் வேறொன்று தெளிவாகத் தெரிந்தது, அது தொழில் சம்பந்தப்பட்டது. சரியாக வேலை செய்யாத ஒரு கருவியை இரண்டு வருடமாக ஓடலாம் என்று விட்டிருக்கிறோம். வருத்தம் வந்தால்தான் அதை நிறுத்தவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அடுத்த மாத ஞாயிறு, உறைகள் மேசைக்கு வருமுன் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

"என் மார்க் எல்லாத்தையும் தள்ளிடுங்க."

"எந்த மார்க் சார்?" என்றார் செயலாளர்.

"ரெண்டு வருஷமா போட்டது அத்தனையும்."

வக்கீல் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்தார். "பெத்த மனசு. இளகிடுச்சு பாவம்."

"இளகல. அவ பாட்டிலுக்கு மட்டும் தள்ளச் சொன்னா நீங்க அப்படித்தான் நினைப்பீங்க. அதான் எல்லாத்தையும் தள்ளச் சொல்றேன். ஒண்ணாவதுக்கு எண்பத்தேழு, ரெண்டாவதுக்கு எண்பத்தெட்டு, மூணாவதுக்கு எண்பத்தொம்பது, அப்புறம் அதே வழியில இறங்கி மறுபடி ஒண்ணு ஏறும். உள்ள என்ன இருந்தாலும் அதுதான்."

செயலாளர் பழைய சீட்டுகளை எடுத்தார். ஒரு மாதத்தைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். அவர் காது சிவந்தது. முதல் ஆளாக வாயைத் திறந்தவர் வக்கீல்தான்.

"ஒரே சீரா மார்க் போட்டது குத்தமா என்ன? நம்ம சட்டத்துல அப்படி எங்கயும் இல்ல. இதுக்குப் பேரு நிலைத்தன்மை."

"சும்மா இருங்க சார்" என்றார் பல் டாக்டரம்மா. மேசையில் அவர் மட்டும் லிஃப்ட்காரரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தொண்ணூத்தொண்ணு போட்டதுக்கெல்லாம் சராசரி எண்பத்தொம்பதுல நிக்கும். சராசரியை ஒட்டியே போடற இவரு நாக்குதான் சரி, நம்ம நாக்குலதான் கோளாறுன்னு வீட்டுக்குப் போய் வாயைக் கொப்புளிச்சிருக்கேன். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது" என்றார் அவர்.

"ஒரு வார்த்தை 'என்னால முடியல'ன்னு சொல்லியிருந்தா நாங்க என்ன வெளியிலயா தள்ளியிருப்போம்?"

செயலாளர், ஒட்டிய ஸ்டிக்கர்களைக் கிழிக்க முடியாது, பழையது பழையதாகவே இருக்கட்டும் என்றார். போன மாதத்து ஆறு பாட்டில்களை மட்டும், உறை மாற்றி, வரிசை மாற்றி, அடுத்த மாதம் மற்ற எட்டுப் பேரும் மறுபடி சுவைப்பது என்று முடிவானது. லிஃப்ட்காரர் சங்கிலியைக் கழற்ற முயன்றார். கொக்கி காலரில் சிக்கிக்கொண்டது. பல் டாக்டரம்மாதான் எழுந்துவந்து, கோபம் குறையாத முகத்தோடு, எடுத்துவிட்டார்.

மறுசுவை நடந்த காலையில் அவர் கீழே கடையில், காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். மகளும் வந்து பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தாள். இரண்டு மாதமாக அவள் போன் செய்யவில்லை. மேலே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கடைக்காரர் பாட்டில்களைத் துடைத்தபடி, "எனக்கு சிவப்பு, வெள்ளை ரெண்டுதான் தெரியும். இத்தனை வருஷமா கடை ஓடுது" என்றார்.

வக்கீல்தான் முதலில் படியிறங்கினார், முகமெல்லாம் பல்லாக.

"லிஃப்ட்காரரே, கேளுங்க கூத்தை! பொண்ணு பாட்டிலுக்கு எண்பத்தெட்டரை. கடைசியில உங்க எண்பத்தேழுதான் கிட்டத்துல வந்திருக்கு! போன தடவை கடைசியில கிடந்ததுக்கு இன்னிக்குத் தொண்ணூத்தொண்ணு. செயலாளர் வெயில் காரணம்கறாரு."

மகள் எழுந்து நின்றாள். "நீங்க எவ்வளவு போட்டீங்க டாக்டரம்மா?" என்று, பின்னால் இறங்கியவரைக் கேட்டாள்.

"எண்பத்தாறு. மரவாடை தூக்கல்மா."

"போன தடவை தொண்ணூத்திரண்டு போட்டீங்களே."

"போன தடவை அந்த மரவாடைதான் பிடிச்சுது" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். "மார்க்கை விடு. எனக்கு ரெண்டு பெட்டி அனுப்பு. சாயங்காலத்துல குடிக்க நல்லாத்தான் இருக்கும்."

வாசல் தட்டில் வேறு யாருடைய பாட்டிலோ ஏறியது. மகள் வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "வரீங்களா? பாட்டில்ல ஏறாம பீப்பாயில மிச்சம் இருக்கறதைப் பாக்கணும். ஆள் வேணும்" என்றாள்.

"நானா? என்னால என்ன ஆகும்?"

"மார்க் வேணாம். உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க. அதாச்சும் தெரியுதுல்ல?"

கொட்டகையில் பெட்டிகள் அப்படியேதான் இருந்தன. நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகும் அளவுக்கு வழி. பீப்பாய்கள் உள்சுவரை ஒட்டி வரிசையாக நின்றன. மகள் முதல் பீப்பாயின் தக்கையைத் திறந்து, கண்ணாடிக் குழாயை இறக்கி, ஒரு மடக்கு எடுத்துக் கோப்பையில் விட்டாள். அவர் முகர்ந்தார், உருட்டினார், சாக்கடைத் துளையில் துப்பினார்.

"பிளம்ஸ். ஈரமண். புளிப்பு இன்னும் அடங்கல."

"சரி. பிடிச்சுதா?"

"தெரியலம்மா."

அவள் சாக்பீஸால் பீப்பாயில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனாள். அதிலும் அப்படியே: இருப்பதைச் சொன்னார், அவள் கேட்டாள், தெரியவில்லை என்றார். அவள் முகம் சுளிக்கவில்லை. மூன்றாவது பீப்பாயில் அவர் கொஞ்சம் அதிக நேரம் வாயில் வைத்திருந்தார்.

"ரெண்டாவதைவிட இது..." என்று ஆரம்பித்தார்.

மகள் குழாயைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். அவர் கோப்பையைச் சாய்த்து அடியில் பார்த்தார், மறுபடி முகர்ந்தார். வார்த்தை வரவில்லை. வெளியே தோழி லாரிக்காரரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

"இருங்க, மறுபடி ரெண்டாவதையே தரேன்" என்று சொல்லி, மகள் தக்கையைத் திறந்தாள்.